சர்க்கரை போடாத புட்டிகள்

தடுப்பணையின் பன்னிரண்டு மதகுகளில் பதினொன்று மூடியாயிற்று. பன்னிரண்டாவது மட்டும் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. அதன் வழியே கசிந்த நீரைத்தான் கீழ்க்கரையின் நான்கு தெருக்களும் இன்னமும் ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்தன. மேட்டுத் தெருக்களுக்கு நீர் ஏற்றுவதற்காக அதையும் ஆண்டு முழுவதற்கும் அடைத்துவிடலாமா என்று முடிவுசெய்ய வெள்ளிக்கிழமை காலை விசாரணை. அடைக்கலாம் என்போர் கையில் ஆயிரம் வாதங்கள் இருந்தன. ஆதாரம் ஒன்றே ஒன்றுதான். அது நீராய்வு நிலையத்தின் அறிக்கை. அந்த அறிக்கையின் நான்காம் பத்தி. பத்தியின் அடியில் பூச்சியம்மாவின் கையொப்பம்.

பூச்சியம்மா என்பது பெற்றோர் சூட்டிய பெயரன்று, அலுவலகம் சூட்டியது. பதினாறு ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் அமர்ந்து, ஒரே நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, ஆற்றுநீரில் மிதக்கும் அணுவளவு உயிரிகளை அவர் எண்ணிவந்தார். கேலிப் பெயருக்குக் கோபித்துக்கொண்டால் அது ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, அவர் கோபிக்கவேயில்லை. அப்படியும் ஒட்டிக்கொண்டது. பிறகு அதிலேயே ஒரு மரியாதையும் ஏறிவிட்டது. ‘பூச்சியம்மா எண்ணினால் எண்ணினதுதான்’ என்பது அந்த நிலையத்தில் எழுதப்படாத விதி.

அந்த உயிரிகளுக்கும் ஒரு விதி உண்டு. அதை எழுதியது ஆற்றின் ஓட்டம். விரைந்தோடும் நீரில் குடும்பம் நடத்துவது எளிதன்று. பிள்ளை பெறும் வேகத்தைக் காட்டிலும் வெள்ளம் வாரிக்கொண்டு போகும் வேகம் பெரிது. சக்கரப்பூச்சி என்று ஒன்று இருக்கிறது, அது அவசரக்காரி. ஓரிரு நாளில் வளர்ந்து முட்டையிட்டு, ஓட்டத்தோடு ஓட்டமாக வம்சத்தைப் பெருக்கிவிடும். நீர்த்தெள்ளு அவ்வாறன்று. முதுகுப்புறம் ஒரு பை, பைக்குள் முட்டைகள், முட்டைகள் குஞ்சாகும் வரை சுமந்து திரிந்து, பிறகே வெளியே விடும் நிதானக்காரி. அவளுக்குச் சேறு படிந்து தெளிந்த நீர் வேண்டும், தின்னப் பச்சைப் பாசி வேண்டும், ஒரு வாரமேனும் யாரும் தள்ளாத இடம் வேண்டும். சுருங்கச் சொன்னால் அவளுக்குக் குளம் வேண்டும்.

ஆகையால் ஆற்றில் நீர்த்தெள்ளு அகப்பட்டால் கேட்கவேண்டியது ஒரு கேள்விதான். இவள் இங்கேயே பிறந்தவளா, மேலே உள்ள ஏரியிலிருந்து அடித்துவரப்பட்டவளா? பாறைகளில் மோதி, பசியோடு மிதந்து வருபவளின் பையில் முட்டை இருப்பது அரிது. இங்கேயே தங்கித் தழைத்தவளின் பையோ நிறைந்திருக்கும். பை நிறைந்திருந்தால் ஆறு ஓடவில்லை, நின்றுவிட்டது என்று பொருள்.

பதினொரு மதகுகளும் மூடப்பட்ட மூன்று மாதத்தில் நீர்த்தெள்ளு பல மடங்கு பெருகியதைப் பூச்சியம்மா கண்டார். எல்லாப் பைகளும் காலியாக இருந்ததையும் கண்டார். கண்டதை எழுதினார்: “இவ்வுயிரிகள் இங்கு இனப்பெருக்கம் செய்யவில்லை, மேல் ஏரியிலிருந்து வந்து சேர்ந்தவை. மதகுகளை மூடியதால் ஆற்றின் தன்மை மாறியதாகக் கொள்ள இடமில்லை.” இதுவே நான்காம் பத்தி. எண்ணும் தட்டில் உதிரியாகக் கிடந்த முட்டைகளை, உரியவர் எவர் என்று தெரியாததால், ஓரக்குறிப்பில் தள்ளிவிட்டார். உடல்கள் சற்றே உப்பியிருந்ததும் கண்ணில் பட்டது. வெயில் காலத்துச் சூட்டில் புட்டிகள் இப்படித்தான் என்று அதைக் கடந்துபோனார். அறிக்கை எப்போது வரும் என்று இயக்குநர் நாளுக்கு இருமுறை கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

புதன்கிழமை காலை, விசாரணைக்கு முன் கடைசியாக ஒருமுறை நீர் எடுக்கவேண்டியிருந்தது. எழுதியதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று பூச்சியம்மாவும் படகேறினார். படகோட்டி வேறு யாருமில்லை, அவருடைய உடன்பிறந்த அண்ணன். வலை வீசி நீர் எடுப்பதும், புட்டியில் அடைப்பதும், மருந்து ஊற்றிப் பதப்படுத்துவதும் அவர் வேலை; எண்ணுவது தங்கையின் வேலை.

“பூச்சிங்களுக்கு ராணி வராங்க, கொஞ்சம் வழி விடு தண்ணியே,” என்றார் அண்ணன், துடுப்பால் கரையை உந்தியபடி.

“ஒழுங்கா தள்ளு அண்ணா. போன வருஷம் உன்னால முழங்கால் வரைக்கும் நனைஞ்சேன்.”

“நனையாமலே ஆத்தப் பத்தி எழுதுறவங்க உங்க கூட்டம் ஒண்ணுதான்.”

“உன் வாய்க்கு ஒரு ஷட்டர் போடணும்.”

“போடு. அதுக்கும் நீதானே கையெழுத்து போடணும்!”

அது விளையாட்டுப் பேச்சுத்தான். ஆயினும் சற்று ஆழமாகவே தைத்தது. பூச்சியம்மா நீரைப் பார்த்தார். அணைக்கு மேற்புறம் நீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. படகு கிழித்த கோடு வெகுநேரம் அழியாமல் பின்னாலேயே நீண்டது. ஓரங்களில் பச்சை படர்ந்திருந்தது. ஓர் ஆற்றில் இத்தனை அமைதி இருக்கலாமா என்று அவருக்குத் தோன்றியது.

அண்ணன் வலையை இறக்கி இழுத்தார். வலையின் நுனிக் குவளையில் சேர்ந்ததைப் புட்டியில் கவிழ்த்தார். தகரக் கேனைத் திறந்து மருந்தை ஊற்றி மூடியைத் திருகினார். நூறு முறை செய்தவரின் கை; ஒரு துளி சிந்தவில்லை.

“கேன்ல சர்க்கரை கலந்துட்டியா?” என்று கேட்டார் பூச்சியம்மா, பேச்சோடு பேச்சாக.

“எந்தச் சர்க்கரை?”

“என்ன எந்தச் சர்க்கரை? ஃபார்மலின்ல போடுற சர்க்கரை.”

“அதுக்கு ஜாடி எங்க இருக்கு? பூட்டு தூக்கிட்டுப் போயி நாலு மாசம் ஆச்சே. ஆய்வுக் கூடத்துல தின்பண்டம் வெச்சிருக்கக் கூடாதாம். சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. படிச்சவங்க யாரும் அதைப் படிக்கலையா?”

பூட்டு என்பது பண்டகக் காப்பாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். பென்சிலைக்கூடப் பூட்டிவைப்பவர்.

பூச்சியம்மா புட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்கிட்ட ஏன் அண்ணா சொல்லல?”

“எதுக்குப் போடணும்னு நீ என்னைக்காவது என்கிட்ட சொல்லியிருக்கியா? ‘லிட்டருக்கு நாலு பெரிய ஸ்பூன் போடு’ன்னே. போட்டேன். நான் என்னவோ மருந்தோட கசப்பு போறதுக்குன்னு நெனச்சேன்.”

“செத்துப்போற பூச்சிக்குக் கசப்பு என்ன, இனிப்பு என்ன?”

“அது எனக்கென்ன தெரியும்? நீ ரொம்ப இரக்கப்படுறவளாச்சே!”

வேறொரு நாளாக இருந்தால் பூச்சியம்மா வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். அன்று சிரிப்பு வரவில்லை. அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்.

“வெறும் ஃபார்மலின் பட்டா நீர்த்தெள்ளு உடம்பு உப்பிப்போயிடும், அண்ணா. முதுகுப் பை வாயைத் திறந்துடும். உள்ள இருக்கிற முட்டையெல்லாம் வெளிய கொட்டிடும். சர்க்கரை இருந்தா உப்பாது. முட்டை உள்ளேயே நிக்கும். அதுக்குத்தான் சர்க்கரை.”

அண்ணன் துடுப்பை மடியில் வைத்தார்.

“அப்போ நாலு மாசமா…”

“நாலு மாசமா நான் கொட்டிப்போன பையைத்தான் எண்ணியிருக்கேன். பை காலின்னு எழுதியிருக்கேன்.”

படகு தானாக எங்கும் நகரவில்லை. நகர்த்துவதற்கு அங்கே ஓட்டமே இல்லை.

“சரி, உக்காந்து யோசிச்சா ஆச்சா?” என்றார் அண்ணன் கடைசியில். “இன்னொரு வலை இழுக்கிறேன். மருந்தே ஊத்தாம உயிரோட எடுத்துட்டுப் போ. போயி பாரு.”

உயிரோடு கொண்டுபோனார்கள். நுண்ணோக்கியின் அடியில் அந்தச் சின்னஞ்சிறு உலகம் துள்ளிக்கொண்டிருந்தது. பூச்சியம்மா ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். முதலாவதன் பையில் ஆறு முட்டைகள். இரண்டாவதில் நான்கு. மூன்றாவதில் முட்டைகள் குஞ்சாகி, அவற்றின் கண்கள்கூடத் தெரிந்தன. நூறு எண்ணி முடித்தபோது எழுபத்து மூன்று தாய்மார்கள் இருந்தார்கள். அவர்கள் எவரும் எங்கிருந்தும் அடித்துவரப்படவில்லை. பிறந்தகமும் புகுந்தகமும் அந்த நின்ற நீரே. மூன்று மாதத்தில் ஓர் ஆறு குளமாகிவிட்டது. அதைச் சொல்லவேண்டியவரின் எழுத்தோ, ஆகவில்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அண்ணனும் குனிந்து பார்த்தார். பதினாறு ஆண்டில் அதுவே முதல் முறை. “அடடா, எவ்வளவு பெரிய குடும்பம்! இத்தனை நாளா இதுங்களையா நான் புட்டியில அடைச்சேன்? ஒரு வார்த்தை காட்டியிருக்கக் கூடாதா நீ?”

பூச்சியம்மாவுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் நின்றது. அவர் எவரையும் இழிவாக நடத்தியதில்லை. ஆனால் தமக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லவேண்டும் என்றும் நினைத்ததில்லை. செய்யும் கைக்குக் கட்டளை போதும், காரணம் எதற்கு? இப்படித்தான் அலுவலகங்கள் நடக்கின்றன. இப்படித்தான் நாடுகளும் நடக்கின்றன. காரணத்தை ஒருவர் பெட்டியில் வைத்துக்கொள்கிறார், வேலையை இன்னொருவர் தோளில் வைக்கிறார். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு ஜாடி காணாமல் போனால், அதைத் தேடும் அறிவு எவரிடமும் இருப்பதில்லை.

பூச்சியம்மா முதலில் பூட்டைப் போய்ப் பார்த்தார். பண்டகக் காப்பாளர் எழுந்து நின்று விதியைப் படித்துக்காட்டினார்.

“மேடம், ஒன்பதாம் விதி. உணவுப் பொருள் ஆய்வுக் கூடத்துல இருக்கக் கூடாது. சர்க்கரை உணவா, இல்லையா? நீங்களே சொல்லுங்க.”

“உணவுதான்.”

“அப்போ நான் செஞ்சது?”

“விதிப்படி சரிதான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“விதியில கேக்கச் சொல்லலையே மேடம்,” என்றார் பூட்டு. அதில் குறும்பு இல்லை. உண்மையான குழப்பமே இருந்தது.

இயக்குநரின் அறை குளிர்ச்சியாக இருந்தது. அவர் தீயவர் அல்லர், தொல்லை வேண்டாதவர். பூச்சியம்மா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா நாளை மறுநாள் அங்க போயி, புட்டில சர்க்கரை போடலன்னு சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சதும் என்ன கேப்பாங்க தெரியுமா? இந்த நாலு மாசந்தான் தப்பா, பதினாறு வருஷமும் தப்பான்னு கேப்பாங்க. உங்க ஒவ்வொரு எண்ணிக்கையையும் தோண்டுவாங்க. தேவையா?”

“தோண்டட்டும் சார்.”

“விசாரணை முடியட்டும். அப்புறம் பொறுமையா ஒரு திருத்தம் அனுப்பிடலாம்.”

“ஷட்டரை மூடினப்புறம் திருத்தத்தை யார் சார் படிப்பா? கீழ்க்கரைக்காரங்க அதைக் குடிக்கவா முடியும்?”

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நான் போகச் சொல்லவும் இல்ல, போகக் கூடாதுன்னு சொல்லவும் இல்ல,” என்றார். அதிகாரத்தின் அகராதியில் அதற்கு என்ன பொருள் என்பது பூச்சியம்மாவுக்குத் தெரியும். போனால் நீ தனி.

வெள்ளிக்கிழமை காலை மன்றம் நிரம்பியிருந்தது. ஒருபுறம் நீர்ப்பணித் துறையினர்; அவர்கள் நடுவே வரைபடச் சுருளோடு அணையின் பொறியாளர், முப்பத்தைந்து வயதுப் பெண். மறுபுறம் கீழ்க்கரை மக்கள். கடைசி வரிசையில் பூட்டு, தம் ஒன்பதாம் விதியைக் கையில் பிடித்தபடி. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி அண்ணன்.

விசாரணை அதிகாரி நான்காம் பத்தியை உரக்கப் படித்தார். “இதுக்கு மேல சொல்ல எதாவது உண்டா?” என்று வழக்கப்படி கேட்டார். உண்டு என்று எவரும் சொல்லாத கேள்வி அது.

பூச்சியம்மா எழுந்தார். பேசிப் பழகாத தொண்டை. நுண்ணோக்கியின் முன் மௌனமாய்க் கழிந்த வாழ்வு. ஆனாலும் சொல் தடுமாறவில்லை.

“இந்தப் பத்தியை எழுதினது நான். இது தப்பு. நான் இதைத் திரும்ப எடுத்துக்கிறேன்.”

மன்றத்தில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. சர்க்கரை எதற்கு, பை ஏன் திறந்தது, முட்டை எங்கே போனது என்று அவர் சொன்னார். எழுபத்து மூன்று என்ற எண்ணைச் சொன்னார். சிரித்தார்கள்தான். இயக்குநர் சொன்னதைவிடச் சற்றுக் குறைவாகவே சிரித்தார்கள்.

“முன்னாடி எழுதினது பொய்யா?” என்றார் அதிகாரி.

“பொய் இல்லங்க, தப்பு. இன்னைக்கு வாயை மூடிட்டு உக்காந்திருந்தா பொய் ஆயிடும்.”

“யாரோட தப்பு? ஜாடியை எடுத்தது யாரு? மருந்து கலந்தது யாரு?”

கடைசி வரிசையில் இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் தாழ்ந்தன.

“என்னோடது. புட்டி நிரப்புறவர்கிட்ட ‘போடு’ன்னு சொன்னேன், ‘எதுக்கு’ன்னு சொல்லல. அவருக்குத் தெரிஞ்சிருந்தா ஜாடியை விட்டிருக்க மாட்டார். எடுத்தவருக்குத் தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்க மாட்டார். தட்டுல கொட்டிக் கிடந்த முட்டையை என் கண்ணே பாத்துச்சு. அது யாரோடதுன்னு நான் கேக்கல. அதுவும் என் தப்புதான்.”

கீழ்க்கரைப் பள்ளியில் சமைக்கும் அம்மாள் இடத்திலிருந்தே எழுந்து நின்றார். “எனக்கு ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லும்மா. பூச்சி வயித்துல முட்டை இருந்தா எங்களுக்குத் தண்ணி உண்டா, இல்லையா?”

இம்முறை எல்லோரும் சிரித்தார்கள், பூச்சியம்மாவும்.

“வயித்துல இல்ல அக்கா, முதுகுல. அது முட்டையோட இருந்தா ஆறு செத்த தண்ணியா நிக்குதுன்னு அர்த்தம். பதினொண்ணை மூடினதுக்கே இப்படி. பன்னெண்டையும் மூடினா இன்னும் பச்சை ஏறும், நாறும். உங்க பக்கம் வர்றதுக்கு ஒண்ணுமே இருக்காது.”

அதிகாரி நெடுநேரம் எழுதினார். பிறகு படித்தார். நான்காம் பத்தி நீக்கப்படுகிறது. முடிவு இரண்டு மாதம் ஒத்திவைக்கப்படுகிறது. அதுவரை பன்னிரண்டாவது மதகு இப்போதிருப்பது போலவே திறந்திருக்கும். புதிதாக நீர் எடுத்து எண்ணவேண்டும். அடுத்து ஒன்றையும் படித்தார்: பதினாறு ஆண்டுப் புட்டிகளையும் வெளியாள் ஒருவர் மறுபடி எண்ணுவார்.

“சம்மதமா?” என்று கேட்டார்.

“சம்மதம்,” என்றார் பூச்சியம்மா. ஆயுள் முழுவதையும் ஒருவர் முன் விரித்துவைக்கச் சம்மதிப்பது எளிதன்று. ஆனாலும் அச்சொல் நேராகவே வந்தது.

வெளியே வராந்தாவில் அணைப் பொறியாளர் அவரை வழிமறித்தார். முகத்தில் தோற்றவரின் களைப்பு இருந்தது, பகை இல்லை.

“மேடம், ஒரு நிமிஷம். என் கஷ்டத்தையும் கேளுங்க. மேட்டுத் தெருவுக்கெல்லாம் தண்ணி ஏறணும்னா நான் தேக்கித்தான் ஆகணும். மொத்தமா திறக்கவும் முடியாது. உங்க தெள்ளு குடும்பம் நடத்துறதுக்கு எத்தனை நாள் தண்ணி நிக்கணும்?”

“இந்தச் சூட்டுல, பொறந்து வளர்ந்து முட்டை போட ஒரு வாரம் வேணும்.”

“அப்போ அஞ்சு நாளைக்கு ஒருதடவை பன்னெண்டு ஷட்டரையும் சேத்துத் திறந்துவிட்டா? ஒரு அரை நாள்?”

பூச்சியம்மா யோசித்தார். பாசி எத்தனை நாளில் படரும், சேறு எத்தனை நாளில் அடங்கும், அரை நாள் ஓட்டம் ஓரங்களில் ஒதுங்கியிருப்பவற்றையும் வாரிக்கொண்டு போகுமா என்று மனம் ஓடிற்று. “தெரியலைங்க,” என்றார். “நடக்கலாம். செஞ்சு பாத்து எண்ணணும். திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வலை, திறந்திருக்கிறப்போ ஒரு வலை, மூடினப்புறம் தினமும் ஒரு வலை.”

“ரெண்டு மாசம் இருக்கு. செய்யலாமா?”

அதுவரை தூணோரம் நின்றிருந்த அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்கன்னா நான் ஒண்ணு கேக்கலாமா? பன்னெண்டையும் ஒண்ணாத் திறந்தா என் படகு அங்க நிக்குமா? என்னையும் சேத்து வாரிட்டுப் போயிடும். அப்புறம் பூச்சியோட பூச்சியா என்னையும் எண்ண வேண்டியதுதான்.”

பொறியாளர் சிரித்துக்கொண்டே சுருளைப் பிரித்து வராந்தாவின் சுவரில் வைத்துப் பிடித்தார். “நீங்களே சொல்லுங்க. எங்க கட்டினா நிக்கும்?”

அண்ணன் வரைபடத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். தாள்மேல் அவர் விரல் மெதுவாக நகர்ந்தது.

“இது நாலாவது தூண்தானே? இங்க தண்ணி சுழிக்கும், வேகம் குறையும். இதுல கைக்கு எட்டுற உயரத்துல ஒரு கொக்கி அடிச்சுக் கொடுங்க. ஆனா வலையை ஏன் இந்தச் சுழியில இழுக்கக் கூடாதுன்னும் சொல்றேன், எழுதிக்குங்க.”

பொறியாளர் பேனாவை எடுத்தார். பூச்சியம்மாவும் தம் குறிப்பேட்டைத் திறந்து, அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.